லாகோஸ், ஃபாரோ, தவீரா: அறைக்கும் மணலுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

லாகோஸில் கமிலோ என்றொரு சின்னக் கடற்கரை. மேலே சாலையிலிருந்து மணலுக்கு இறங்க மரப்படிகள், சுமார் 200. இறங்கும்போது யாரும் எண்ணுவதில்லை. கண் கீழே தெரியும் பச்சைத் தண்ணீரிலேயே இருக்கும். மதியம் இரண்டு மணி வெயிலில் ஈரத் துண்டையும் ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் ஒவ்வொரு படியும் கணக்கில் வரும். முதல் தடவை தோழிகள் மூன்று பேருடன் போனபோது அந்தப் படிகளை ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வருடம் கழித்து, அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அதே பக்கம் போக அறை தேடியபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்தப் படிகள்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில். அம்மா தூத்துக்குடியிலிருந்து ஷெங்கன் விசாவில் வந்திருந்தார்கள். அதே விசாவில் போர்ச்சுகலுக்கும் போகலாம் என்பதால் புதிதாக அலைச்சல் எதுவும் இல்லை. செப்டம்பரில் ஒரு வாரம். வெயிலும் கடலும் வேண்டும், தினமும் கார் ஓட்டக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையோடு போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வ் வரைபடத்தை விரித்தால் லாகோஸ், ஃபாரோ, தவீரா என்ற மூன்று ஊர்தான் மிஞ்சுகிறது. மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன: மேற்கே லாகோஸில் தொடங்கி, நடுவே ஃபாரோ, கிழக்கே தவீரா, அதற்கப்பால் ஸ்பெயின் எல்லையில் விலா ரியால் வரை.

அல்புஃபெய்ரா எங்கே என்று கேட்பீர்கள். சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகும் ஊர் அதுதான். ஆனால் அதன் ரயில் நிலையம் ஊருக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ராத்திரியில் மதுக்கடைத் தெருக்களின் இரைச்சல் வேறு. நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாறைக்கு மேலிருந்து மணலுக்கு இறங்க லிஃப்ட் வைத்திருக்கும் ஊரும் அதுதான். இரைச்சல் பரவாயில்லை, கால்தான் பிரச்சினை என்பவர்கள் அதையும் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

ஊர்க்காரர்கள் அல்கார்வை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். மேற்குப் பாதி பர்லவென்தோ, காற்று வந்து மோதும் பக்கம். கிழக்குப் பாதி சொதவென்தோ, காற்றுக்கு மறைவான பக்கம். கப்பல்காரர்களின் சொற்கள், விடுமுறைக்குப் போகிறவருக்கும் பெரிய உதவி. மேற்கே மஞ்சள் பாறைச் சுவர்கள், அவற்றின் காலடியில் சின்னச் சின்ன மணல் துண்டுகள், குளிர்ந்த தண்ணீர். கிழக்கே பாறையே கிடையாது. கரைக்கு முன்னால் ஒரு காயல், காயலுக்கு வெளியே நீள நீளமான மணல் தீவுகள், கொஞ்சம் சூடான தண்ணீர். ஆகஸ்டில் லாகோஸ் பக்கம் கடல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், தவீரா பக்கம் 22, 23 வரை போகும். ஜெர்மன்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. நம் ஊர்க் கடலில் கால் நனைத்து வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்று டிகிரிதான் இடுப்பளவு தண்ணீருக்கும் கணுக்கால் அளவுக்கும் உள்ள தூரம்.

ஆகவே நான் போட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அறையை விட்டு வெளியே வந்தபின் மணலில் உட்காரும்வரை நடுவே என்ன இருக்கிறது? லாகோஸில் படிகள். ஃபாரோவில் பஸ், இல்லையென்றால் நீண்ட படகுப் பயணம். தவீராவில் குட்டிப் படகு, இல்லையென்றால் பொம்மை ரயில்.

அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் லாகோஸ் மற்ற இரண்டையும் அடித்துத் தள்ளிவிடும். ஊருக்குத் தெற்கே பொந்தா தா பியதாதே என்ற முனையில் கடல் சுண்ணாம்புப் பாறையை அரித்து அரித்துத் தூண்களாகவும் வளைவுகளாகவும் நிறுத்தி வைத்திருக்கிறது. சாயங்கால வெயிலில் பாறை மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டு தோழிகளும் நானும் ஒரு மணி நேரம் பேசாமல் நின்றோம், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பேசாமல் இருந்ததாக வேறு ஞாபகமே இல்லை. கயாக் எடுத்தால் குகைகளுக்குள் நுழைந்து வரலாம். (இன்ஸ்டாகிராமில் எல்லோரும் போடும், கூரையில் ஓட்டை உள்ள பெனாஜில் குகை இங்கே இல்லை; கிழக்கே தள்ளி இருக்கிறது. 2024 முதல் அதற்குள் மணலில் இறங்கி நிற்கவும் நீந்திப் போகவும் தடை.)

ஆனால் இந்தப் பாறைகளுக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, வற்றத்தின்போது, அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தில், ஒரு மணல் துண்டிலிருந்து அடுத்ததற்குப் பாறை ஓட்டை வழியாக நடந்தே போகலாம். ஏற்றம் வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும், மணலும் பாதியாகச் சுருங்கும். அன்றைய ஏற்ற வற்ற நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. இன்னொன்று, பாறை உதிரும். 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். இப்படிப் பாறை உள்ள கடற்கரைகளில் பாறைக்கு அடியில் உட்காராதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் நிழல் இருப்பது அங்கேதான். குழந்தைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க "இங்கே வா, அங்கே போகாதே" என்று கத்திக்கொண்டிருப்பதற்குப் பெயர் விடுமுறை இல்லை.

படியே இல்லாத கடற்கரை லாகோஸில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோட்டைக்குப் பக்கத்திலேயே பட்டாட்டா என்று ஒன்று. பெயருக்கு உருளைக்கிழங்கு என்று பொருள். சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெய்யா ப்ராயா, நாலு கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையான மணல். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் மணல் சோற்றில் விழும். படி வேண்டாம் என்பதற்காக மெய்யா ப்ராயாவிலேயே ஏழு நாளும் கிடப்பதென்றால் லாகோஸுக்கு எதற்குப் போக வேண்டும்?

லாகோஸின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1444 ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட 235 பேரை இந்த ஊரில் இறக்கிப் பங்கு பிரித்தார்கள். தாயும் பிள்ளையும் வேறு வேறு பங்கில் போனதை, பின்னால் அதைப் பதிவு செய்த அரசாங்க வரலாற்றாசிரியர் சுராராவே கலங்கி எழுதி வைத்திருக்கிறார். சதுக்கத்தின் மூலையில் வளைவுத் தூண்களோடு ஒரு சின்னக் கட்டடம் அடிமைச் சந்தை அருங்காட்சியகமாக இருக்கிறது. 2009இல் கோட்டை மதிலுக்கு வெளியே வாகன நிறுத்தம் கட்டத் தோண்டியபோது, பழைய குப்பைமேடு ஒன்றில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஐஸ்கிரீம் கடைகளுக்கு நடுவே அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறார்கள். உள்ளே நுழைகிறவர்கள் குறைவு. நுழையுங்கள்.

ஃபாரோவைப் பெரும்பாலோர் விமான நிலையமாக மட்டுமே பார்க்கிறார்கள். இறங்குவார்கள், காரில் ஏறுவார்கள், போய்விடுவார்கள். தவறு என்று நினைக்கிறேன், ஆனால் ஒரு வாரத்துக்கு அல்ல, இரண்டு நாளுக்கு. மதிலுக்குள் இருக்கும் பழைய ஊர் கையளவுதான். நுழையும் வளைவின் உச்சியில் நாரைகள் கூடு கட்டி, கீழே போகிறவர் தலைக்கு மேல் அலகைத் தட்டிக்கொண்டு நிற்கும். கார்மோ தேவாலயத்தின் பின்னால் 1816இல் கட்டிய எலும்புச் சிற்றாலயம்: சுவரும் கூரையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகளின் எலும்புகளாலும் மண்டை ஓடுகளாலும் பதித்தவை. என் பையனுக்கு எட்டு வயது; அந்த வாரத்தில் அவன் மிகவும் ரசித்த இடம் இதுதான் என்பதை அவன் ஆசிரியையிடம் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அச்சில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு துணுக்கு. போர்ச்சுகல் நாட்டில் அச்சான முதல் புத்தகம் 1487இல் ஃபாரோவில்தான் அச்சானது, அதுவும் எபிரேய மொழியில். அதற்கு 67 வருடம் கழித்து, 1554இல், லிஸ்பனில் ஒரு சிறு ஞானோபதேச நூல் அச்சானது. ரோமன் எழுத்தில் தமிழ்ச் சொற்கள். 1596இல் ஆங்கிலேயர் ஃபாரோவைச் சூறையாடி ஆயரின் நூலகத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஆக்ஸ்ஃபோர்ட்.

கடல் விஷயத்தில் ஃபாரோ பலவீனம். ஊர்க் கடற்கரை விமான ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் போய், ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டும். தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும் (பையனுக்கு இதுவும் பிடித்தது). நல்ல மணல் வேண்டுமென்றால் பழைய ஊரின் துறையிலிருந்து ஆள் குடியில்லாத தெசெர்த்தா தீவுக்குப் படகு, அரை மணிக்கு மேல். பயணம் அருமை, வற்றத்தில் காயலின் சேறு தெரியும்போது மட்டி பொறுக்குகிறவர்கள் குனிந்தபடியே நகர்வதைப் பார்க்கலாம். ஆனால் தீவில் ஒரே ஓர் உணவகம், மரநிழல் என்று எதுவும் இல்லை. தினமும் போகிற இடமில்லை அது.

ஆக தவீரா.

தவீராவைப் பற்றி ஏற்கெனவே போய் வந்தவர்கள் எல்லோரும் "அமைதியான ஊர்" என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் எனக்குப் பயம். அமைதியான ஊர் என்றால் ஏழு மணிக்குமேல் காப்பி கிடைக்காது என்று அர்த்தம். அப்படி இல்லை. ஊரின் நடுவே ஓர் ஆறு. பாலத்துக்கு மேற்புறம் அதன் பெயர் செக்குவா, பாலத்தைத் தாண்டியதும் அதே தண்ணீர் ஜிலாவ் ஆகிவிடுகிறது. ரோமானியப் பாலம் என்று சொல்லுவார்கள், இப்போது நிற்பது அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. வண்டி போகாது. சாயங்காலம் அம்மா அதன் கல் திண்டில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எங்கள் வீட்டு வாசல் திண்ணையில் உட்காருவது மாதிரியே. நாங்கள் எடுத்திருந்த வீடு ஆற்றிலிருந்து ஐந்து நிமிட நடை. வீட்டுக்காரம்மா கொத்தை நீட்டி "ஷாவெ" என்றார். அம்மா சட்டென்று "சாவியா?" என்றார்கள். பிறகு இருவரும் ஜன்னலைக் காட்டி "ஜனேலா", மேசையைக் காட்டி "மேசா", அலமாரியைக் காட்டி "அர்மாரியு" என்று ஒரு பாடமே நடத்தினார்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை இருந்த போர்ச்சுகீசியர்கள் நம்மிடம் விட்டுப்போன சாமான்கள் இவை.

மணலுக்குப் போக இங்கே இரண்டு வழி. ஒன்று தவீரா தீவு: ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் குவாத்ரு ஆகுவாஷ் என்ற படகுத்துறை, அங்கிருந்து ஐந்தே நிமிடம். கோடையில் ஊருக்குள்ளிருந்தும் படகு உண்டு. துறைக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். டாக்சியை நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கிவிட்டார்கள். வெள்ளைக் குவியல்கள், பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் உப்பு வாருகிற ஆள். "ஏட்டி, இது நம்ம ஊரு அளம்லா!" தூரத்துப் பாத்தியில் பூநாரைகள் நின்றன. அதையும் நம் ஊரில் பார்த்திருக்கிறோம் என்றார்கள். ஆனால் தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய ஏட்டை மட்டும் தனியாக வழித்து, உப்புப் பூ என்று பெயர் வைத்து, சின்ன டப்பாவில் போட்டு அவர்கள் விற்கும் விலையைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசி நாள் இரண்டு டப்பா வாங்கியதும் அவர்கள்தான்.

இரண்டாவது வழி பாரில் கடற்கரை, முழங்காலுக்கு இதைவிடத் தோதான கடற்கரை அந்தக் கரையிலேயே நான் பார்க்கவில்லை. காயலின் மேல் ஒரு மிதவைப் பாலம். தாண்டினால் குட்டி ரயில் நிற்கும். சூரை மீன் பிடித்த காலத்தில் வலையும் சாமானும் ஏற்றிப்போகப் போட்ட தண்டவாளம் அது. இப்போது பாட்டிகளையும் பேரன்களையும் ஏற்றிக்கொண்டு, ஆள் வேகமாக நடப்பதைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்க் கடலோரத்தில் விடுகிறது. பக்கத்திலேயே நடைபாதையும் உண்டு. பிள்ளைகள் நடந்தார்கள், காரணம் நண்டு. வற்றத்தில் பாதையோரச் சேறு முழுக்கப் பொந்துகள். ஒவ்வொரு பொந்தின் வாயிலும் ஒரு நண்டு, ஒரு கொடுக்கு உடம்பளவுக்குப் பெரிசு, இன்னொன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரிய கொடுக்கை உயர்த்தி உயர்த்தி ஆட்டும். நாம் குனிந்தால் நூறு நண்டும் ஒரே நொடியில் பொந்துக்குள் போய்விடும். அசையாமல் முப்பது வரை எண்ணினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். மகளும் பையனும் போகும்போதும் வரும்போதும் இந்த விளையாட்டை ஆடினார்கள். கடலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

கடற்கரையில் மணல்மேட்டின் மேல் வரிசை வரிசையாகத் துருப்பிடித்த நங்கூரங்கள். சூரை வலையைக் கடலில் அசையாமல் பிடித்து வைத்தவை. 1960களில் மீன் வராமல் தொழில் நின்றதும் கரையில் தங்கிவிட்டன. நங்கூரக் கல்லறை என்று பெயர். பழைய மீனவர் குடியிருப்புகள்தான் இப்போது உணவகங்கள், கழிப்பறை, நிழல் எல்லாம். அலை சாதாரண நாளில் அடக்கமாக இருக்கும். லெவந்தெ என்ற கீழைக்காற்று வீசும் நாட்களில் மட்டும் தண்ணீர் இன்னும் சூடாகி, அலையும் உயரும். எங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள், பக்கத்து சாந்தா லூசியாவுக்குப் போய்விட்டோம். பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) பேர்போன ஊர் அது. படகுத்துறை நெடுகக் கூண்டுகளும் குடங்களும் அடுக்கியிருக்கும். ஒளிந்துகொள்ள இடம் தேடி அதுவாகவே குடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம்.

தவீராவின் குறை என்ன? பாறை இல்லை, குகை இல்லை. பதினெட்டு வயதுக்காரர்களுக்கு இரவில் வேலை இல்லை. கோடை முடிந்ததும் படகுகள் குறைந்துவிடும். தெருவெல்லாம் வழுவழுப்பான சின்னக் கல் பாவியது. இது மூன்று ஊருக்கும் பொது, பிடிப்புள்ள செருப்பு இல்லாமல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

போக்குவரத்துக் கணக்கு: ஃபாரோ விமான நிலையத்தில் ரயில் கிடையாது, பஸ்ஸிலோ டாக்சியிலோ ஊருக்கு வந்துதான் ஏற வேண்டும். ஃபாரோவிலிருந்து தவீராவுக்கு ரயிலில் முக்கால் மணிக்குள். லாகோஸுக்கு ஒன்றே முக்கால் மணியை ஒட்டி. லிஸ்பனில் இறங்குகிறவர்கள் ஃபாரோவுக்கு மூன்று மணிக்குமேல் என்று வைத்துக்கொள்ளலாம்; லாகோஸுக்கு ரயிலில் போவதானால் துனெஷ் என்ற சந்திப்பில் மாற வேண்டும். கார் எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி, ஏ22 நெடுஞ்சாலையில் 2025 ஜனவரி முதல் சுங்கம் இல்லை. லாகோஸைத் தளமாக வைத்தால் கார் பயன்படும், ஏனென்றால் தென்மேற்குக் கோடியில் உள்ள சாக்ரெஷ், சாவ் விசென்டே முனை எல்லாம் அந்தப் பக்கம்தான். தவீராவில் எங்களுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

சாப்பாட்டில் மூன்று ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் திருவிழா, சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் பாடு. பச்சை நிறத்தில் வரும் கீரை சூப் சைவம் மாதிரியே இருக்கும், அடியில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் எல்லாம் மேசைக்கு வரும். இலவசம் அல்ல. தொட்டால் காசு, வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம். முதல் பயணத்தில் லாகோஸில் ஒரு கடையில் இது தெரியாமல் நான்கு பேரும் இரண்டு கூடை ரொட்டியைக் காலி செய்துவிட்டு, பில் வந்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எப்போது போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செப்டம்பர். கோடை முழுக்கக் காய்ந்த கடல் அப்போதுதான் இதமாக இருக்கும், பள்ளிக்கூடக் கூட்டமும் கலைந்திருக்கும். பையன்களுக்கு அதற்குள் பள்ளி தொடங்கிவிடும் ஜெர்மன் மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஜூன் இறுதி. ஈஸ்டருக்குப் போனால் வெயில் இருக்கும், கடல் இருக்காது, அதாவது உங்களுக்கு இருக்காது. நடக்கவும் பாறை பார்க்கவும் மட்டும் என்றால் அந்த மாதத்துக்கு லாகோஸ்தான் சரி. ஆகஸ்ட் தவிர வேறு விடுப்பே கிடைக்காதவர்கள் தவீராவையே எடுங்கள்: தீவு மணல் நீளமானது, படகை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் பக்கவாட்டில் நடந்தால் கூட்டம் பின்தங்கிவிடும். லாகோஸின் குட்டி மணல் துண்டுகளில் ஆகஸ்டில் துண்டு விரிக்க இடம் பிடிப்பதே ஒரு வேலை.

நாங்கள் கடைசியில் செய்தது: ஆறு இரவு தவீரா, விமானத்துக்கு முந்தின இரவு ஃபாரோ. லாகோஸ் இல்லை. தவீராவில் நாலாம் நாள் அம்மா கடலுக்குள் இறங்கினார்கள், சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு. ஐந்தாம் நாள் இடுப்புவரை. "குளிராத்தான் கெடக்கு, ஆனா காலு வலிக்கல" என்றார்கள்.

மகளுக்குப் பதினொரு வயது. கமிலோ படிகளின் பழைய போட்டோவை என் ஃபோனில் பார்த்துவிட்டாள். அடுத்த ஜூனில் அவளும் நானும் மட்டும் நான்கு நாள் லாகோஸ் போவதாகப் பேச்சு. ஐஸ் பெட்டியை அவள் தூக்குவதாக ஒப்பந்தம்.